புத்தருக்குப் பின்னால் வைத்த அரசங்கன்று

ஒருவர் தவறு செய்வதைத் தடுக்க முடிந்தும் தடுக்காமல், அது வளரட்டும் என்று காத்திருப்பவனுக்கு அந்தத் தவறில் எவ்வளவு பங்கு? எங்கள் ஊர்ச் சித்தேரிக் கரையில் நின்ற ஓர் அரசங்கன்றைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதற்கு விடை சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

காவாந்தண்டலத்திலிருந்து எங்கள் ஊர் அதிகத் தொலைவில் இல்லை. நான் உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சித்தேரிக் கரையில், சீமைக்கருவேல முட்களுக்கு நடுவே, மூக்குடைந்த கற்சிலை ஒன்று இருந்தது. மடியில் கைமேல் கை வைத்து, இமை தாழ்த்தி அமர்ந்த உருவம். ஊரார் அதை முனி என்றழைத்து, ஆடி மாதத்தில் நெற்றிக்குத் திருநீறு பூசி வந்தார்கள். அது புத்தர் என்று முதலில் எழுதியவன் நான். ஏனாத்தூருக்குப் பேருந்தில் போய் முதுகலை படித்த காலத்தில் அதை அளந்து, வரைந்து, ஒரு சிற்றிதழில் கட்டுரை வெளியிட்டேன். பாதுகாக்கக் கோரிப் பல அலுவலகங்களுக்கு மனு அனுப்பினேன். ஊராட்சி மன்றக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவும் நடத்தினேன். ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் மூவர் ரேஷன் அட்டையைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள்.

பிறகு, எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு ஓரிக்கையிலிருந்து ஒரு மருமகள் வந்தார். ஓவியக் கல்லூரியில் படித்தவர். என் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்து, "அண்ணா, இவ்ளோ பெரிய விஷயத்த நம்ம ஊர்லயே வெச்சிக்கிட்டு சும்மா இருக்கோமே?" என்றார். நான் மனுக்களின் நகல்களை எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். மறுவாரமே ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு, நூறு நாள் வேலைப் பெண்களைக் கொண்டு முட்களை வெட்டச் செய்தார்.

நான் பள்ளிக்குப் போய் வரும் வழியில் அந்த இடம் வாரத்துக்கு வாரம் மாறியது. கரைச் சரிவில் மண் கரையாதிருக்க வெட்டிவேர். சிலையின் இருபுறமும் நந்தியாவட்டையும் பவழமல்லியும். உடைந்த தொட்டியில் அல்லி. பக்கத்து மோட்டார் கொட்டகையின் சுவரில், பட்டினியால் எலும்பு தெரிய அமர்ந்திருக்கும் புத்தரையும் அவருக்குப் பாற்சோறு நீட்டும் பெண்ணையும் வரைந்தார். அந்தப் பெண்ணுக்கு, நூறு நாள் வேலையில் எல்லோருக்கும் முன்னால் நின்று வாயடிக்கும் அக்காவின் முகம். அக்கா வந்து பார்த்தார்.

"இன்னாடி இது, என் மூக்க இம்மாம் பெருசா போட்டு வெச்சிக்கீற?"

"உன் மூக்கே அப்படித்தானக்கா?"

"கொயுப்புடி உனக்கு!"

ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தன் உறவுக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து அந்த மூக்கைக் காட்டினார். புத்தர் யார் என்று அவர்களுக்கு விளக்கியவரும் அக்காதான். நான் மூன்று மாதம் உழைத்து எழுதியதை அவர் மூன்றே வாக்கியத்தில், அதிகம் பிழையில்லாமல், சொல்லி முடித்தார்.

சுவரின் கீழ் மூலையில், செய்தி தந்து உதவியவர் என்று என் பெயரும் இருந்தது. எழுத்தின் உயரம் என் சுண்டுவிரலில் பாதி. யாரும் இல்லாத நேரத்தில் விரலை வைத்து அளந்து பார்த்ததால் சொல்கிறேன். வெட்டிவேர் வளர வளர அந்தப் பெயர் மறைந்தது. ஒருநாள் பள்ளியில் சக ஆசிரியர் கைப்பேசியில் அந்தச் சுவரின் படத்தைக் காட்டி, "உங்க ஊராமே சார், போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அன்று மாலை நான் ஏரிக்கரை வழியாக வீடு திரும்பவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஓவியர் ஓர் அரசங்கன்றைக் கொண்டுவந்தார். புத்தருக்கு நிழல் தர அரசமரம்தானே வேண்டும் என்பது அவர் எண்ணம். சிலைக்கு இரண்டு முழம் பின்னால் குழியைத் தோண்டிவிட்டு, என்னை அழைத்து வரச் செய்தார்.

"அண்ணா, இங்க வெக்கலாமா? வேர் ஏதாச்சும் பண்ணுமா?"

என் முதுகலை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுவதும் அரசமர வேரைப் பற்றியது. பாழடைந்த மண்டபம் ஒன்றில், நான்கு ஆட்கள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பலகைக்கல்லை அது நெம்பித் தள்ளியிருந்ததை நானே படமெடுத்திருக்கிறேன். அவரோ மண் அப்பிய கைகளோடு என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் அந்தச் சுவர் தெரிந்தது.

"நல்ல இடந்தான். வைங்க," என்றேன்.

விளைவுகளை எண்ணிப் பார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை. அன்றும் எண்ணிப் பார்த்தேன். இன்னும் சில ஆண்டுகளில் வேர் நெம்பிச் சிலையின் பீடம் சாயும். ஊரார் பதறுவார்கள். காரணம் கேட்க என்னிடம் வருவார்கள். ஆய்வேட்டைத் திறந்து காட்டுவேன். சுவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் அப்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். எந்தச் சிலைக்காக அத்தனை மனு எழுதினேனோ, அது சாய்வதை என் வெற்றியின் பகுதியாகக் கணக்கிட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

மறு ஆண்டு, ஒற்றை மரம் நிற்கக் கூடாதென்று அக்கா அதே குழியை ஒட்டி ஒரு வேப்பங்கன்றை நட்டார். அரசும் வேம்பும் அருகருகே வளர்ந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அவற்றுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். இரண்டும் ஆளுயரம் வந்ததும், தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அந்தச் செய்தி என்னை உலுக்கியது. தாலி கட்டிய மரத்தைப் பிடுங்க எங்கள் ஊரில் ஒரு கை நீளாது. பிறகு புத்தர் சாய்வதை ஊரே கூடி நின்று பார்க்கத்தான் முடியும்.

அப்போதும் குறுக்கு வழியைத்தான் தேடினேன். ஊரின் வாட்ஸ்அப் குழுவில், 'பொதுவாக அரசமர வேர்கள் கல் கட்டுமானங்களைப் பாதிக்கும் என்பதை அனைவரும் அறிவது நல்லது' என்று எழுதினேன். அக்கா குரல்பதிவு அனுப்பினார்: "வாத்தியாரே, சாமி மரம் போயி சாமியத் தள்ளுமா? மரத்துக்கு அவ்ளோகூடவா அறிவு கெடையாது? கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டுட்டுப் போ." கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியில் ஓவியர் எழுதினார்: 'அண்ணா பொதுவாகச் சொல்கிறார். நம்ம இடத்தை அவர்தான் பார்த்துச் சொன்னார். யாரும் பயப்பட வேண்டாம்.'

மரத்துக்குப் பிணையாக என் சொல்லையே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைக்குப் போனேன். அக்காவும் வேறு சில பெண்களும் கல்யாணச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓவியர் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு கன்னையும் இங்கிருந்து எடுத்துடணும்," என்றேன். "வேர் பீடத்தத் தூக்கிடும்."

"இன்னா வாத்தியாரே, கெளம்பி வந்து பேஜார் பண்ற?" என்றார் அக்கா. "பத்திரிகை அடிச்சாச்சு, ஒரமொறைக்கெல்லாம் சொல்லியாச்சு."

ஓவியர் குடத்தைக் கீழே வைத்தார். "நீங்கதானண்ணா நல்ல இடம்னு சொன்னீங்க? இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

இப்போதுதான் படித்தேன் என்னும் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் எங்கேயோ படித்த சேதிக்காக அக்கா கல்யாணத்தை நிறுத்தமாட்டார் என்பதும் தெரிந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அப்ப வாயில இன்னாய்யா வெச்சிக்கினு இருந்த?" என்று அக்கா எழுந்தார்.

"பொறாமை," என்றேன். "அந்தச் சுவரப் பாத்து."

எல்லோரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அக்கா, "என் மூக்கப் பாத்தா பொறாமப்பட்ட?" என்று கேட்க, பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஓவியர் சிரிக்கவில்லை. சிலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டினார். பீடத்தின் பின்மூலையில், கல்லுக்கும் தரைக்கும் இடையே, சுண்டுவிரல் தடிமனில் ஒரு வேர் நுழைந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே, "அக்கா, கடப்பாறையும் ரெண்டு கோணிப்பையும் எடுத்தாரச் சொல்லு," என்றார்.

வேர்மண் சிதறாமல் இரண்டு கன்றுகளையும் பெயர்த்து, கோணிப்பையால் சுற்றி, மதகைத் தாண்டிக் கரையின் கீழே கொண்டுபோய் நட்டோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கல்லுக்கடியில் போன வேரை அவர் தன் கையாலேயே அறுத்து எடுத்தார். தையில் கல்யாணம் புது இடத்தில் நடந்தது. பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். "வாத்தியாருக்குப் பாயசம் கூட ஊத்துங்கடி, வயித்தெரிச்சலு அடங்கட்டும்," என்று அக்கா பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

என் பொறாமை நீங்கிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். இவ்வாண்டு அவர் கொட்டகையின் மறுபக்கச் சுவரில் வரையத் தொடங்கியபோதும் எனக்கு நெஞ்சு கரித்தது. ஆனால் அவர் இப்போது என்னிடம் எதையும் தனியாகக் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை நாலு பேர் முன்னால் கேட்கிறார். நானும் தெரிந்ததை நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.