முப்பத்தேழு அங்குலம்

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னதும் பணக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். டைலரம்மாவும் அவள் கணவரும் அந்த வீட்டை வாங்க முடிந்ததே அந்தக் குளத்தால்தான். விரிசல் விட்ட தொட்டி, பெயர்ந்த ஓடுகள், ஒரு மூலையில் செடி முளைத்த சுவர். வந்து பார்த்தவர்கள் எல்லாம் வாசலோடு திரும்பிப் போனதால் வீடு இவர்கள் கைக்கு எட்டியது. பதினெட்டு வருடம் அதன் குறுக்கே கொடி கட்டித் துணி உலர்த்தினார்கள். கால் உடைந்த நாற்காலி, பஞ்சு பிதுங்கிய மெத்தை, எதை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் தூக்கி அந்தப் பள்ளத்தில் போட்டார்கள்.

அவள் முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு முப்பது வருடமாகத் தைக்கிறாள். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள் என்று கணவர் சொல்வார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் பக்கவாதம் வந்தது. வாய் கோணவில்லை, பேச்சு போகவில்லை, கிண்டலும் போகவில்லை. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. "பிரேக் புடிச்ச காலு. முப்பது வருஷம் புடிச்சுப் புடிச்சு இப்ப விட மாட்டேங்குது" என்பார்.

வைத்தியம் பார்த்த பிசியோ பெண் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவள். தண்ணீருக்குள் நடக்க வையுங்கள், தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், கால் பயப்படாமல் பழகும் என்றாள். "இந்த முதல் மூணு மாசத்துல தண்ணிக்குள்ள எவ்வளவு நடக்கிறாரோ, அதுலதான் பெருசா முன்னேற்றம் தெரியும்மா. அதுக்கப்புறம் ரொம்ப மெதுவாத்தான் வரும்." பொதுக் குளம் வெகு தூரம். அதன் ஏணியில் அவரால் இறங்கவும் முடியாது. டைலரம்மா பின்னால் போய்ப் பள்ளத்தில் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். மறுநாளே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டாள்.

கான்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. வேலை தெரிந்தவர். ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் வேலையை ஒப்புக்கொண்டு ஐந்து பேரிடமும் ஒரே பதிலைச் சொல்கிறவர். அந்த வீட்டில் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நாளைக்கு போன் பண்ணினாரா?" என்று கணவர் கேட்டால், "நாளைக்கு நாளைக்கு வர்றாராம்" என்று இவள் சொல்வாள். இரண்டு வாரம் என்ற வேலை ஆறு வாரம் ஆயிற்று. ஆழமான பக்கத்தை நிரப்பித் தரையைச் சமமாக்கினார். அகலமான படிகள் கட்டினார். நீர் கசியாத பூச்சு இரண்டு தடவை பூசி, மேலே வெளிர்நீல ஓடு ஒட்டினார். பாக்கி இருந்தது சுவரோரம் பிடித்து நடப்பதற்கான கைப்பிடிக் கம்பி மட்டும்தான். அது நாளைக்கு வரும் என்றார்.

பதினோரு நாள் பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள் பொறுமை போயிற்று. பை தைக்கிற கெட்டி நாடாவை நான்காக மடித்து, நான்கு வரிசைத் தையல் போட்டு, அவளே ஒரு கைப்பிடி செய்தாள். அதை மாட்ட எட்டுக் கொக்கி வாங்கினாள். பக்கத்து வீட்டில் ட்ரில் மெஷின் இரவல் வாங்கி, காலித் தொட்டிக்குள் இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு சுவரில் எட்டு ஓட்டை போட்டு முடித்தாள். கொக்கியின் திருகு கணவர் கையில் உரசக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் நாடாவிலேயே ஒரு மூடி தைத்தாள். கணவர் மேலே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டு பெல்ட்டு நல்லாருக்கு" என்றார்.

தண்ணீர் நிரப்பினார்கள். நாற்பத்தெட்டு அங்குலம், அவர் நெஞ்சுக்குக் கீழே. முதல் நாள் நாடாவைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தார். டைலரம்மா பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது.

டேப் கையில் உள்ளவளிடம் இதையெல்லாம் மறைக்க முடியாது. குழாயைத் திறந்து விட்டாள். அடுத்த நாளும் ஒன்றரை. அதற்கடுத்த நாளும். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டாள்.

"வெயில் அடிக்குதில்லம்மா, ஆவியாப் போயிருக்கும்" என்றார் அவர்.

"நான் கொடியில போட்ட துணியே பாதி நாள் காய மாட்டேங்குது. குளம் மட்டும் காயுதா?"

"நாளைக்கு வந்து பாக்கறேன்."

இப்படியே பத்து நாள். தெருவே கேட்கும்படி போனில் சண்டை. ஒவ்வொரு சண்டையும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். "இங்க பாருங்க. முப்பது வருஷமா கத்திரி புடிக்கிறேன். தப்பா வெட்டிட்டா, தப்பா வெட்டிட்டேன்னு வந்தவங்ககிட்டச் சொல்லிட்டுப் புதுத் துணி வாங்கித் தைச்சுக் குடுப்பேன். ஒருநாளும் துணி மேல பழி போட்டதில்ல. உங்க தொழில்ல அந்த வழக்கம் இல்லையா?" இவளுக்கு அந்த வசனம் சொல்லச் சொல்ல ருசித்தது. தையலுக்கு வந்தவர்களிடமும் சொல்லிக் காட்டினாள்.

பதினோராம் நாள் மனிதர் நிஜமாகவே வந்துவிட்டார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, படியில் வைத்தார். வாளிக்குள்ளே ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். "வெயில் ரெண்டுக்கும் ஒண்ணுதான். நாளைக்கு ரெண்டும் ஒரே அளவு எறங்கியிருந்தா ஆவி. குளம் மட்டும் அதிகமா எறங்கியிருந்தா, என் தப்பு. சரிதானே?"

மறுநாள் வாளியில் கால் அங்குலம் குறைந்திருந்தது. குளத்தில் ஒன்றரை. சொந்த வாளியாலேயே மூக்குடைபட்ட கான்ட்ராக்டரைப் பார்க்கக் கணவருக்கே பாவமாகிவிட்டது. டைலரம்மாவுக்கு ஆகவில்லை.

"ஒழுகுதும்மா, ஒத்துக்கறேன்" என்றார் கான்ட்ராக்டர். "எங்கேன்னு தெரியணும். இனிமே தண்ணி விடாதீங்க. அது பாட்டுக்கு எறங்கட்டும். எந்த மட்டத்துல வந்து நிக்குதோ, அந்த மட்டத்துலதான் ஓட்டை."

"எத்தன நாளு ஆகும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

பிசியோ பெண் சொன்ன மூன்று மாதத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே போயிருந்தது. "பத்து நாள் அவர் நடக்காம இருந்தா அந்தக் கால் என்னத்துக்கு ஆகும்? நீங்க திருப்பிக் குடுப்பீங்களா?" என்றாள்.

கணவர்தான் பதில் சொன்னார். "யாரு நடக்காம இருக்கப் போறா? தண்ணி எறங்கினா எறங்கட்டும். இருக்கிற தண்ணியில நடக்கிறேன்."

அப்படியே நடந்தார். நெஞ்சுக்குக் கீழே இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தண்ணீர் குறையக் குறைய உடம்பின் கனம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் மேல் ஏறியது. மூன்றாம் நாள் தொடை நடுங்கியது. ஐந்தாம் நாள் நடுக்கம் குறைந்தது. "ஏத்தத்துல செகண்ட் கியர்ல போற மாதிரி இருக்கு" என்றார். டைலரம்மா தினமும் காலையில் டேப்பைச் சுவரில் வைத்து அளந்து, தையல் அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதினாள். நாற்பத்தாறரை, நாற்பத்தைந்து, நாற்பத்து மூன்றே முக்கால்.

எட்டாம் நாள் முப்பத்தேழு. ஒன்பதாம் நாள் முப்பத்தாறே முக்கால். பத்தாம் நாள் முப்பத்தாறரை. வாளியும் அதே கால் கால் அங்குலம்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுக்கு முப்பத்தேழில் நின்றுவிட்டது.

கான்ட்ராக்டர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். டைலரம்மா நோட்டில் முப்பத்தாறரை என்று எழுதினாள். முப்பத்தேழு என்ற எண் வேறெங்கோ தன் கையாலேயே எழுதியதுபோல இருந்தது. பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். கணவரின் சட்டை அளவு, பேண்ட் அளவு, அதற்குக் கீழே பென்சிலில் அவள் கையெழுத்து: 'மணிக்கட்டு, தரையிலிருந்து, கை லேசாக மடங்கி – 37'.

கொக்கி அடிப்பதற்கு முன்னால் அவரைச் சுவரோரம் ஒரு நிமிடம் நிற்க வைத்து எடுத்த அளவு. ஆளுக்கு அளவெடுத்துப் பழகிய கை. அந்த மனிதர் கை எங்கே தொங்கும் என்று பார்த்தாளே தவிர, தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்க்கவில்லை. தண்ணீருக்குப் பதினோரு அங்குலம் கீழே, நீல ஓடுகளையும் பூச்சையும் சேர்த்துத் துளைத்து, எட்டு ஓட்டை.

அவள் குளத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மணி எட்டரை. உள்ளே அலமாரியில் ஓட்டை அடைக்கிற பசைக் குழாய் ஒன்று பாதி மிச்சம் இருந்தது. கொக்கிகளைக் கழற்றிப் பசையைத் திணித்துத் துடைத்துவிட்டால் அரை மணி நேர வேலை. நாடா மூடி தைத்திருந்ததால் கொக்கியை வெளியாள் யாரும் பார்த்ததில்லை. நாடாவை மேலே இரண்டு முனையில் கட்டியிருக்கிறாள் என்றுதான் கான்ட்ராக்டர் நினைத்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போனாள். பசைக் குழாயைக் கையில் எடுத்தாள். அதை எடுத்தாளா என்று யாரும் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் எடுத்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சமையலறையில் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பஸ்ஸில் பின்சீட்டுக் குறும்பையெல்லாம் கண்ணாடியிலேயே கண்டுபிடித்த ஆள்.

"நம்ம கொக்கியா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். "தெருவே கேக்கக் கத்தினேனே" என்றாள். "துணி மேல பழி போட மாட்டேன்னு எத்தன தடவ சொன்னேன்."

"நல்லாத்தான் சொன்னே. பதினோரு தடவை நானே கேட்டேன்" என்றார் அவர். அவள் பசைக் குழாயை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

கான்ட்ராக்டர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். நின்றபடியே, நோட்டைத் திறந்து காட்டி, ஒரே மூச்சில். "உங்க வேலையில குத்தம் இல்ல. நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

கான்ட்ராக்டர் நோட்டைப் பார்த்தார். குளத்துக்குள் இறங்கி, நாடாவைத் தடவித் தடவி ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். எட்டாவது கொக்கியில் நின்றார். கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தாள். வந்திருந்தால் அவளுக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எட்டும் ஒரே மட்டத்துல இருக்கு" என்றார் அவர். "என் ஆளுங்களுக்கே இப்படி வராது."

பிறகு படியில் ஏறி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். "அந்தக் கம்பி வளைச்சு ரெடியா பட்டறையில ஒரு மாசமாக் கெடக்குதும்மா. நான் நேரத்துக்குக் கொண்டாந்திருந்தா நீங்க எதுக்கு ட்ரில்லத் தொடப் போறீங்க? நாலு ஓட்டை உங்களுது, நாலு என்னுது."

"என் வழக்கம் அது இல்ல. நான் கெடுத்ததுக்கு நான் ஏதாவது செஞ்சாகணும்."

"அப்போ இந்தப் பேண்ட் பூரா பசையாகப் போகுது, புதுசா ஒண்ணு தைச்சுக் குடுங்க. எப்பக் கிடைக்கும்னு கேட்டா, நாளைக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

உள்ளேயிருந்து கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெயர் இவருக்கு எப்போது தெரிந்தது என்று டைலரம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்றைக்கே பம்பு வைத்துத் தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறைத்தார்கள். சுவர் காய ஒரு நாள் விட்டார்கள். அதற்கடுத்த நாள் கான்ட்ராக்டரே குளத்துக்குள் இறங்கி நின்று எட்டு ஓட்டையையும் சுரண்டி, கலவை வைத்து, பூச்சுப் பூசினார். கம்பி வேனில் வந்து மேலே கிடந்தது. நாடாவைக் கழற்றியாயிற்று. சுவரில் பிடிக்க ஒன்றும் இல்லை.

கணவர் சக்கர நாற்காலியைப் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அதிலிருந்து எழுந்து, படியில் ஒவ்வொன்றாக இறங்கினார்.

"ஏங்க, இன்னைக்கு வேணாம். கம்பி மாட்டட்டும், புடிக்க எதுவும் இல்ல" என்றாள் அவள்.

"முழங்கால் அளவு தண்ணிதானே" என்றார். "நேத்தும் லீவு. இன்னைக்குமா?"

முதல் எட்டு வலது கால். அது ஒரு கணம் யோசித்துவிட்டு வந்தது. அடுத்தது. கான்ட்ராக்டர் கலவைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். டைலரம்மா கணவர் பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள், தொடவில்லை. பத்து நாளாகத் தண்ணீர் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக் கைவிட்டுப் பழக்கிய கால் அது. அதற்கு இப்போது முழங்கால் தண்ணீர் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கான்ட்ராக்டரின் அருகில் வந்தபோது கணவர் ஆட்டம் கண்டார். இரண்டு பேரும் பதறினார்கள். அவர் கையை மட்டும் லேசாக மடக்கி, முப்பத்தேழு அங்குல உயரத்தில், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் வைத்துக்கொண்டு நிதானித்தார். பிறகு மறுபடி நடந்தார்.

எதிர்ச்சுவருக்கு இருபத்திரண்டு அடி. அதைத் தொட்டுத் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் வந்துருச்சு. எறங்குறவங்க எறங்கலாம்" என்றார்.

டைலரம்மா முழங்கால் தண்ணீரில் நின்று அழுதாள். கழுத்தில் இருந்த டேப்பின் ஒரு முனை தண்ணீரில் மிதந்தது. அவள் அதை எடுத்துவிடவில்லை.