இப்ப நீங்க சொல்லுங்க

மருந்துப் புட்டியின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்து, பெயர் ஒட்டிய பக்கத்தை எதிரில் நிற்பவரைப் பார்க்கத் திருப்பி வைத்த பிறகுதான் கிருபாராணி வாயைத் திறப்பாள். எப்போது சாப்பிட வேண்டும், எதனோடு சாப்பிடக் கூடாது என்று சொல்லி முடித்ததும் மூடியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். "இப்ப நீங்க சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்?" சரியாகச் சொல்லும் வரை அந்த விரல் எழும்பாது.

வீட்டிலும் அப்படித்தான். ஊறுகாய் பாட்டில் முதல் ஷாம்பு வரை எல்லாம் ஆளைப் பார்த்தே நிற்கும். வரும் வழியில் பால் வாங்கி வரச் சொன்னால்கூட மகள் ஜெபினா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மாம், ஐ'ம் நாட் யுவர் பேஷன்ட்" என்பாள் அவள். பால் மட்டும் மறக்காமல் வந்துவிடும்.

நாகர்கோவிலில் படித்து, டெக்சாஸ் வந்து, மறுபடியும் பரீட்சைகள் எழுதி மருந்தாளுநர் ஆனவள் கிருபாராணி. பிளானோவில் ஒரு பெரிய மருந்துக்கடையின் ட்ரைவ்-த்ரூ ஜன்னலில் பல வருடங்கள் நின்றாள். கார்க் கண்ணாடி பாதி இறங்கும், பை உள்ளே போகும், கார் கிளம்பிவிடும். "மருந்த வாங்கிட்டுப் போறாங்க, கேட்டுட்டுப் போக மாட்டேங்கிறாங்க" என்று கணவர் ஐசக்கிடம் புலம்புவாள்.

இந்த வருடம் அந்த வேலையை விட்டாள். பக்கத்து ஊரில் டாக்டர் வரதராஜாவின் கிளினிக்கில் ஓர் அறை காலியாக இருந்தது. அங்கே வரும் பலர் பின்னால் இருக்கும் அபார்ட்மென்ட்களிலிருந்து நடந்து வருபவர்கள். மருந்துக்கடையோ நடந்து கடக்க முடியாத ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம். மகனோடு வசிக்கும் தனபாக்கியம் ஆன்ட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. "டாக்டர பாத்ததுமே பாதி காய்ச்சல் போயிடுதும்மா. மீதி பாதி, என் பையன் ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுது" என்பார். அதைக் கேட்டுத்தான் கிருபாராணி அங்கே மருந்துக்கடை வைக்க அந்த அறையின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நகர அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஊரில் டாக்டர் இருக்கும் இடத்தில் மருந்துக்கடையும் இருக்கும். இங்கே அந்தத் தெரு அலுவலகங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. கிளினிக் இருக்கலாம், மருந்து விற்றால் அது கடை, கடைக்கு இடமில்லை. விதியை நகர மன்றம் மாற்றினால்தான் உண்டு. மாற்றாவிட்டால், விட்டுவந்த ஜன்னலுக்கே திரும்பிப் போய் வேலை கேட்க வேண்டும். "பயப்பிடாதேங்கோ, நியாயத்தைச் சொல்லிப் பாப்பம்" என்றார் டாக்டர். அவள் பயந்துதான் இருந்தாள்.

எதிர்ப்பு ஃப்ரீவேயின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சந்தானம் அங்கிள், இந்திய மளிகைக்கு அடுத்த மருந்துக்கடையின் சொந்தக்காரர். கறிவேப்பிலை வாங்கப் போனவளை வாசலில் நிறுத்தினார்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல கிருபா. ஆனா டாக்டர் ரூம விட்டு வெளிய வந்தா எதிர்லயே நீ நிப்ப. அப்புறம் என் கடைக்கு எவன் ட்ரைவ் பண்ணி வருவான்?"

"உங்க கஸ்டமர் உங்ககிட்டதான் வருவாங்க, அங்கிள்."

"ஆமா, உன் வீட்டுக்காரரே இருமல் மருந்த ஆன்லைன்ல வாங்குறாரு. நீ பேசுற."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆனால் அவர் முதலில் சொன்னது வீடு வரை கூடவே வந்தது.

நகர மன்றக் கூட்டத்தில் சந்தானம் அதையே நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்து அந்தத் தெருவாசி ஒருவர், இரவெல்லாம் கார் விளக்குகள் தன் படுக்கையறையில் அடிக்கும் என்றார். ஜன்னல் வைத்த பெரிய கடையைத்தான் எல்லாரும் மனதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபாராணியின் முறை வந்தது. கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்து, லேபிளை மன்றத்தின் பக்கம் திருப்பினாள். கொடுத்த நேரத்துக்குள் தன் கோரிக்கையைச் சொன்னாள். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பழக்கம் விடவில்லை. விரல் பாட்டில் மூடிக்குப் போனது.

"இப்போது நீங்கள் சொல்லுங்கள். நான் என்ன கேட்டேன்?"

பேச வருபவர்கள் மன்றத்தைக் கேள்வி கேட்கக் கூடாது. ஜெபினா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மேயர் மைக்கை நோக்கிக் குனிவதற்குள், ஓரத்தில் இருந்த வயதான பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருங்கள், சொல்கிறேன். கிளினிக்குக்குள் ஓர் அறை. தெருவில் பலகை கிடையாது, காரில் இருந்தபடி வாங்கும் ஜன்னல் கிடையாது, கிளினிக் மூடும்போது இதுவும் மூடும். மருந்தை வேறு எங்கும் வாங்கலாம் என்று நோயாளிக்குத் தெரியும்படி எழுதி வைப்பீர்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்று விரலை எடுத்தாள்.

அவர் வாயால் கேட்டபோது அது சிறிய விஷயமாகத் தெரிந்தது. விதி மாற்றம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. எல்லாத் தெருவுக்கும் இல்லை. கிளினிக் இருக்கும் தெருக்களுக்கு, அவள் சொன்ன அதே நிபந்தனைகளோடு.

அலமாரிகள் மாட்டிய வாரம் சந்தானம் வந்தார். அறையை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இதென்ன, என் கடை பாத்ரூம் சைஸ்ல இருக்கு."

"மருந்து இன்னும் வரல, அங்கிள். தலைவலின்னா நீங்கதான் தரணும்."

அவர் கண் மேசையில் இருந்த அட்டைக்குப் போனது. மருந்தை எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதி, கீழே பக்கத்துக் கடைகளின் பெயர்களைப் போட்டிருந்தாள். முதலில் இருந்தது அவருடைய கடை.

"என் பேர எதுக்கு மொதல்ல போட்ட?"

"கிட்டத்துல இருக்கிறது நீங்கதானே."

சந்தானம் அட்டையை எடுத்து, தள்ளிப் பிடித்து, இன்னொரு தரம் படித்துவிட்டு வைத்தார். அது சுவரைப் பார்த்துக் கோணலாக நின்றது. கிருபாராணி கையை நீட்டி, நோயாளிகள் உட்காரப் போகும் நாற்காலிகளைப் பார்க்க அதைத் திருப்பி வைத்தாள்.