ஒன்பது வாட்ஸ் பல்பும் பிளாஸ்டர் மயிலும்

தென்னூரில் நான் வேலை பார்க்கும் கேமரா கடையில், கவுண்ட்டர் மேல் ஒரு பிளாஸ்டர் மயில் நின்றிருந்தது. குறைந்த வெளிச்சத்தில் எந்த கேமரா நன்றாக எடுக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த மயிலை எடுத்துத்தான் காட்டுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அதிலிருந்த பிழையைக் கண்டுபிடித்தவர் ஒரு வாடிக்கையாளர்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அவர் பெயர் வைதேகி. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்.

"ஃப்ளாஷ் இல்லாம, சாயங்காலத்துல, ஆத்து ஹால்ல எடுக்கணும் சார். சின்ன கேமராவா இருக்கணும்."

"ஃபோன் போதாதா மேடம்?"

"ஃபோன்ல வெளிச்சமா விழறது. ஆனா ஆள் அசைஞ்சா மூஞ்சி கரைஞ்சு போறது."

காரணத்தையும் சொன்னார். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு வலிப்பு உண்டு. பளிச்சென்று விட்டுவிட்டு வெளிச்சம் பட்டால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அதனால் விசேஷங்களில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் குழந்தையை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

"எங்காத்து ஆல்பம் எதுலயும் அவ இல்லை சார். வெள்ளிக்கிழமை என் தங்கைக்கு ஆத்துலயே நிச்சயதார்த்தம். ஃப்ளாஷே கூடாது, படத்துக்கு நான் பொறுப்புன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

படம் சரியாக வராவிட்டால் குழந்தைக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் படம் இருக்காது.

நான் முப்பது எக்ஸ் ஜூம் உள்ள மாடலை எடுத்தேன். எங்கள் கடையில் அதிகம் போவது அதுதான். வைதேகி கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு எல்.இ.டி. பல்பை எடுத்து வைத்தார்.

"ஒன்பது வாட்ஸ். எங்காத்து ஹால்லேர்ந்து கழட்டிண்டு வந்தேன். உங்க கடை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கறது. இங்க எடுத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்?"

இத்தனை வருடங்களில் வீட்டு வெளிச்சத்தைக் கையோடு கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். கடைக்குப் பின்னால் ஸ்டாக் ரூமில் அந்த பல்பை மாட்டினோம். மயிலை வைத்து எடுத்தேன். ஷட்டர் ஸ்பீடு பதினைந்தில் ஒரு பங்கு நொடி. ஸ்டெபிலைசர் வேலை செய்ததால் தோகைக் கண்கள்வரை துல்லியமாக வந்தன. பெருமையோடு காட்டினேன்.

"மயில் ஆடலையே சார். எம்பொண்ணு ஆடிண்டே இருப்பாளே?"

ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அசையாத மயிலைக் காட்டியே விற்றிருக்கிறேன்.

பில் கவுண்ட்டர் பிலோமினாவைக் கூப்பிட்டேன். "இங்க நின்னு கொஞ்சம் பேசுங்க, சிரிங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் என் அழகு கண்ணுக்குத் தெரிஞ்சுதா சார்?" என்று கையை ஆட்டிச் சிரித்தார். ஜூம் மாடலில் பிலோமினாவுக்கு மூன்று கை விழுந்தது.

அடுத்து, வெளிச்சத்தை அதிகமாக உள்ளே வாங்கும் ஒரு இன்ச் சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் உள்ள சின்ன மாடல். ஜூம் மூன்று எக்ஸ்தான். வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1600-இல் வைத்ததும் ஷட்டர் ஸ்பீடு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடிக்கு ஏறியது. படத்தில் லேசாகப் புள்ளி தட்டியது. ஆனால் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஜூம் கம்மி மேடம்," என்றேன்.

"எங்க ஹாலே பன்னண்டு அடிதான் சார். பக்கத்துல போய் நின்னுக்கறேன்."

ஃப்ளாஷை அணைத்துக் கொடுத்தேன். ஃபோகஸ் பிடிக்க முன்னால் எரியும் சின்ன விளக்கு தனியாக மெனுவில் இருக்கும். அதையும் தேடி அணைத்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்று.

மறுவாரம் வைதேகி மெமரி கார்டோடு வந்து, ஒரே ஒரு படத்தைப் பெரிதாக பிரிண்ட் போடச் சொன்னார். நிச்சயதார்த்தத் தட்டுகளுக்கு நடுவே, சித்தியின் மடியில் சாய்ந்து, லட்டுக்குக் கை நீட்டியபடி சிரிக்கிறது குழந்தை.

"கை மட்டும் கொஞ்சம் அசைஞ்சிருக்கு மேடம். வேற படம் போடலாமா?"

"இருக்கட்டும் சார். அது அசையலேன்னா அவ இல்லை."

மயில் இப்போது ஸ்டாக் ரூமில் இருக்கிறது. கேமரா கேட்டு வருபவர்களிடம் பட்ஜெட்டை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதலில் கேட்பது, "யாரை எடுக்கப் போறீங்க? அவங்க சும்மா இருப்பாங்களா?"