ஏகாதசியன்று மன்னி பார்த்த ஆட்டம்

அண்ணாவின் கிளப் ஜெயித்ததா தோற்றதா என்று லக்ஷ்மம்மா மன்னியிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்திலிருந்து திரும்பி வரும் பாத்திரங்களைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புளியோதரைத் தூக்கு வழித்துத் துடைத்து வந்தால் வெற்றி. தயிர்சாதம் பாதி மிஞ்சி வந்தால் தோல்வி. ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மத்தியானமே வயிற்றுக்குத் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. அநேகமாக அது தப்பியதில்லை.

என் அண்ணா கேசவமூர்த்தி சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. மைசூர் மார்னிங் ஸ்டார் கிரிக்கெட் கிளப்புக்குக் காரியதரிசி, காப்டன் எல்லாம் அவரே. ஆடுகளத்தில் விரிக்கும் கயிற்றுப் பாய் வாங்குவது, மற்ற ஊர் கிளப்புகளுக்கு எழுதுவது, தேதி வைப்பது, அத்தனையும் தன் தலையில்தான் நிற்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஆட்டத்தன்று விடியுமுன் எழுந்து, தலைக்குக் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு அத்தனை பேருக்கும் சமைத்தவள் மன்னி. மேல்கோட்டையிலிருந்து எங்கள் சாமராஜபுரம் வீட்டுக்குச் சிறு பெண்ணாக வந்த நாள் முதல் அவளுக்கு இதுதான் வேலை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பந்து தோல். தோலைத் தொட்டவர் ஆசாரமான வீட்டுக்குள் அப்படியே நுழைய முடியுமா? அண்ணா பின்சந்து வழியாக வந்து கிணற்றடியில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். மன்னி தண்ணீர் இறைத்து அவர் தலையில் ஊற்றுவாள். ஊற்ற ஊற்ற அண்ணா அன்றைய ஆட்டத்தை முதல் பந்திலிருந்து சொல்வார். தான் சீக்கிரம் அவுட்டான பகுதி மட்டும் தண்ணீர்ச் சத்தத்தில் போய்விடும்.

பந்தை “தோல் உருண்டை” என்றுதான் மன்னி சொல்வாள். சொல்லில்தான் அந்த வெறுப்பு. கிளப்பின் ஆட்டக்காரர் ஆழ்வார் எத்தனை அடித்தார், பந்து வீசும் ஜடையன் யாரை வீழ்த்தினான் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். கடைசி வாளியை ஊற்றும்போது மெதுவாக, “ஒரு நாள் நானும் வந்து பார்க்கட்டுமான்னா?” என்பாள்.

“அடுத்த ஆட்டத்துக்குப் பார்க்கலாம்.”

அடுத்த ஆட்டத்துக்குச் சமைப்பது யார்? அந்த அடுத்த ஆட்டம் எத்தனையோ வருஷம் வரவேயில்லை. பக்கத்தில் நின்று கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மன்னி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள்.

முப்பத்துநாலாம் வருஷம் கிளப்புக்குச் சுக்கிர தசை அடித்தது. ஆழ்வார் நின்று ஆடினார். ஜடையன் பந்து வீசினால் நஞ்சன்கூடு ஆட்டக்காரர்கள் பின்வாங்கிக் கிட்டத்தட்ட அவர்கள் ஊருக்கே போய்விடுவார்கள். ஜடையன் மார்டள்ளிக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, மைசூரில் ஜட்கா ஓட்டினான். குதிரையைக் குரைத்து விரட்டிய நாயின் மேல் அவன் விட்டெறிந்த கல்லைப் பார்த்துத்தான் அண்ணா அவனைக் கிளப்பில் சேர்த்தார். எங்கள் வீட்டுச் சாப்பாடு மைதானத்துக்குப் போவதும் அவன் ஜட்காவில்தான். கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்குப் பெங்களூரிலிருந்து ஒரு கிளப் வருவதாக ஏற்பாடு.

அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தேதி வைத்தார். பெங்களூர்க்காரர்கள் சம்மதித்து ரயிலுக்கும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்புறம்தான் மன்னி கேட்டாள்.

“ஏன்னா, ஞாயித்துக்கிழமை ஏகாதசியாச்சே!”

“சனிக்கிழமைதானே? ஆபீஸ் பஞ்சாங்கத்துல பார்த்துட்டுத்தானே வெச்சேன்!”

“அது ஸ்மார்த்தாளுக்கு. நமக்கு மறுநாள்.”

அண்ணா முகத்தைப் பார்க்கவேண்டுமே! சில மாதங்களில் ஏகாதசி இப்படி இரண்டு நாளாகப் பிரியும். ஸ்மார்த்தர்களுக்கு ஒரு நாள், வைஷ்ணவர்களான எங்களுக்கு மறுநாள். ஸ்மார்த்தரான தலைமைக் குமாஸ்தாவின் பஞ்சாங்கத்தை நம்பி, அண்ணா தன் ஆட்டக்காரர்களில் பாதிப் பேரைப் பட்டினியோடு மைதானத்தில் இறக்கப்போகிறார். அன்று அரிசி தொடக்கூடாது. பாலும் பழமும்தான். அண்ணா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மன்னி மட்டும் எதையோ யோசித்தபடி சமையலறைக்குள் போனாள்.

ஞாயிறு காலை அண்ணா முன்னதாகப் போய்விட்டார். பாத்திரம் ஏற்ற ஜடையன் வழக்கம்போலக் கொல்லைப்புறம் வந்தான். ஒரு பால் சொம்பும் வாழைத்தாரும்தான் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மன்னி என்னையும் கூட்டிக்கொண்டு பட்டுப்புடவையில் நின்றாள்.

“ஜடையா, இன்னிக்கு அடுப்பு மூட்டலை. நானும் ஸரஸாவும் ஏறிக்கறோம்.”

அவன் தலையைச் சொறிந்தான். “சாமிக்குத் தெரியுமுங்களா?”

“அவருக்குப் பஞ்சாங்கமே தெரியலை.”

ஜடையன் சிரித்துவிட்டான். “ஏறுங்கம்மா. படுதாவ இறக்கி உட்டர்றனுங்க.”

எல்லைக்கோட்டை ஒட்டித் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு அவன் ஆடப் போனான். படுதாவின் இடுக்கு வழியாக மைதானமும் அதற்கு அப்பால் சாமுண்டி மலையும் தெரிந்தன. உள்ளே வேர்த்துக் கொட்டியது. மன்னிக்கு அதெல்லாம் நினைவே இல்லை.

பெங்களூர்க்காரர்கள் முதலில் ஆடி நிறைய ஓட்டம் எடுத்தார்கள். மத்தியானம் விருந்தாளிகளுக்கு ஹோட்டலிலிருந்து ஒப்பட்டு என்கிற போளியும் நெய்யும் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, இலைக்கு வஞ்சகம் செய்யாமல் சாப்பிட்டார்கள். அதன்பிறகு குனிந்து பந்து பொறுக்க அவர்களில் யாருக்கும் மனமில்லை. எங்கள் ஆட்களோ வயிறு ஒட்டிப்போய், ஆனால் இலேசாக ஓடினார்கள். அண்ணாவின் தப்பு அண்ணாவுக்கே கைகொடுத்த வேடிக்கை அது.

அண்ணா உள்ளே போனார். நின்றார். அவுட்டானார்.

“இதுக்கா நான் இத்தனை வருஷமா விடியக்காலம் எழுந்தேன்?” என்றாள் மன்னி.

கடைசியில் ஆழ்வாரும் ஜடையனும்தான் மிச்சம். இன்னும் நாலு ஓட்டம் வேண்டும். ஆழ்வார் மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். “பாவம், வயித்துல ஒண்ணுமில்லே. ஒரு பிடி தயிர்சாதம் இருந்தா…” என்று மன்னிக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்கோட்டைப் பெருமாள் செல்வப்பிள்ளையைக் கூப்பிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜடையன் ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். அது உயரப் போய், எங்கள் பக்கமாக வந்து, படுதாவை இடித்துத் தள்ளிக்கொண்டு மன்னியின் மடியில் விழுந்தது.

வெளியே ஜெயித்துவிட்டோம் என்று ஒரே கூச்சல். மன்னி பந்தை உதறவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் தையலைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பந்தைத் தேடி ஓடிவந்த அண்ணா படுதாவை விலக்கினார்.

“நீயா!”

“இந்தாங்கோ, உங்க தோல் உருண்டை.”

அந்தக் கோப்பை இப்போது எங்கே இருக்கிறதோ. அன்று எடுத்த படத்தில் பதினோரு ஆண்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணாவும் மன்னியும் போய் எத்தனையோ வருஷமாயிற்று. எனக்கு அந்த நாளை நினைத்தால் கோப்பை ஞாபகம் வருவதில்லை, சாயங்காலக் கிணற்றடிதான் வருகிறது. அங்கே திரும்பிப் போகலாம் என்றால் இப்பொழுதே கிளம்பிவிடுவேன்.

அண்ணா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தண்ணீர் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மன்னி கயிற்றுப் பக்கம் போகாமல் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

“இன்னிக்கு நீங்க இறைங்கோ.”

“நானா?”

“நானும் பந்தைத் தொட்டிருக்கேனே. குளிச்சுட்டுத்தானே உள்ளே போகணும்?”

அண்ணா கயிற்றைப் பிடித்தார். அவர் தண்ணீர் இறைத்து அன்றுதான் பார்த்தேன். அவர் ஊற்ற ஊற்ற, மன்னி தலையைக் குனிந்துகொண்டு, ஆட்டத்தை முதல் பந்திலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் அவுட்டானதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.