பேர்கனில் நூபியாவுக்கு யாருமில்லை

"அங்கே உங்களுக்கு யாரு இருக்கா, நூபியாக்கா?"

ஐரோப்பாவுக்கு ஒரு பெருங்கடல் தள்ளியிருந்த மனிசாலெஸ் ஊரின் மலைச்சரிவுத் தெருவில், நூபியாவின் பியூட்டி பார்லருக்குள் நுழைந்த ஒவ்வொருத்தியும் அந்த மாதம் இதையேதான் கேட்டாள்.

"யாருமில்ல."

"யாருமில்லாத ஊருக்கு எதுக்குப் போறீங்க?"

"யாருமில்லைன்னுதான் போறேன். தலையை ஆட்டாதே, டை காதுல வழியுது."

ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர் தலைகளைத் தன் கையில் ஏந்தியவள். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருக்கும் வெளிநாட்டில் யாரோ ஒருவர் இருந்தார். ரொசால்பாவின் மகன் பார்சிலோனாவில். மருந்துக்கடைக்காரியின் தங்கை லண்டனில். பாதிரியாரின் அண்ணன் மகள் ஸ்டாக்ஹோமில். நூபியா அந்த ஊர்களையெல்லாம் மனசுக்குள் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷத்தில் எவர் வாயிலும் ஒரு தடவைகூட வராத ஊர் நார்வேயின் பேர்கன். அங்கே அவள் சமைத்துப்போட வேண்டிய வயிறு ஒன்றுகூட இல்லை. அது தெரிந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பார்லரின் இரண்டாவது நாற்காலியை விற்று டிக்கெட் வாங்கினாள்.

தங்கை கில்மா கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அங்க வருஷம் முழுக்க மழைதானாமே. மழை பாக்கணும்னா ஜன்னலைத் திற! நம்ம ஊர்ல சும்மாவே கொட்டுது. தெருவுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ஆன்லைன்ல யாரோ ஒரு கிழவனைப் பிடிச்சிட்டியாம். மூக்கு செவந்தவனாம்."

"கிழவனா? என் மாமியாரைப் பதினோரு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி மேல அனுப்பி வெச்சேன். இன்னொரு உடம்பைத் துடைக்க என் கையில தெம்பு இல்லடி."

கில்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப ரொசால்பா மகனுக்கு இந்த வெல்லத்தையாவது கொண்டுபோ. பார்சிலோனாவும் ஐரோப்பாதானே, பக்கத்துல இருக்கும்."

எங்கள் ஊரில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவர் மனிதர் அல்ல, தபால் வண்டி. வெல்லம், கொய்யா இனிப்பு, மூட்டுவலித் தைலம், பாட்டனாரின் போட்டோ, சிவப்பு பீன்ஸ் என்று ஊரே வாசலில் வந்து நிற்கும். மறுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. நூபியா அதற்கும் துணிந்தாள். முதுகில் மாட்டுகிற சின்னப் பை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, பார்லர் கதவில் அட்டை எழுதி ஒட்டினாள்: 'பத்து நாள் விடுமுறை. யாருடைய பொட்டலமும் வாங்கப்பட மாட்டாது. கடவுளுடையதாக இருந்தாலும்.'

பாதிரியாரே வந்து படித்துவிட்டு, கையிலிருந்த பொட்டலத்தை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாராம்.

அத்தனை பேரையும் மறுத்தவள், ஒரே ஒருத்தியிடம் தோற்றாள். மாட்ரிட்டில் இருக்கும் மகள் யெசேனியா போன் செய்தாள்.

"அம்மா, வழியில மாட்ரிட்ல அஞ்சு மணி நேரம் நிக்கிறியே. தோமாஸுக்குக் கொய்யா இனிப்புன்னா உயிர். வெளிய வந்து குடுத்துட்டுப் போயேன். பேரனை ஒரு தடவை தூக்கின மாதிரியும் இருக்கும்."

பெற்ற வயிறு அல்லவா! நூபியா இனிப்பைப் பையில் வைத்தாள். வைக்கும்போதே உள்ளுக்குள் ஏதோ ஒன்று எச்சரித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், பேரன் பிறந்தபோது, இரண்டு வாரம் என்று போனவள், அரசாங்கம் அனுமதித்த தொண்ணூறாவது நாள் வரை அங்கேயே கிடந்தாள். துவைத்தாள், சமைத்தாள், குழந்தையைத் தோளில் போட்டு நடந்தாள்.

மாட்ரிட் விமான நிலையத்தில் யெசேனியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் நூபியாவின் நெஞ்சு கரைந்தது. தோமாஸ் இனிப்பைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டே பாட்டியின் மேலாடையைப் பற்றிக்கொண்டான்.

"வாம்மா, காரை வெளிய நிறுத்தியிருக்கேன்."

"கார் எதுக்கு? எனக்கு அடுத்த விமானம் இருக்கே."

"அது போகட்டும்மா. திங்கக்கிழமையிலேர்ந்து கூடுதல் ஷிப்ட் வாங்கிட்டேன். உனக்குக் கட்டில்கூடப் போட்டாச்சு. இவனைப் பாத்துக்கிற அம்மாவையும் வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

 நூபியாவைக் கேட்காமலே எல்லாம் முடிவாகியிருந்தது. மாமியாருக்குப் பதினோரு வருஷம் கொடுத்தபோதும் யாரும் அவளைக் கேட்கவில்லை.

"அந்த அம்மாவைத் திரும்ப வரச் சொல்லு" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"நான் பேர்கன் போறேன்."

யெசேனியா அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே கத்தினாள். "பெத்த பொண்ணு இங்க நாயா உழைக்கிறேன். நீ மழை பாக்கப் போறியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

சூட்கேஸ் தள்ளிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். நூபியாவின் கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் உடையவில்லை.

"போன தடவை ஊர் திரும்பினதும் பார்லர்ல எல்லாரும் கேட்டாங்க, மாட்ரிட் எப்படியிருக்குன்னு. என்ன சொன்னேன் தெரியுமா? சமையலறைக் குழாயில சுடுதண்ணி வர லேட்டாகும்னு சொன்னேன். அது ஒண்ணுதான்டி எனக்குத் தெரிஞ்ச மாட்ரிட். நான் உன் அம்மாதான். சாகுற வரைக்கும் உன் அம்மாதான். ஆனா இந்தப் பத்து நாள் என்னுது."

தோமாஸ் பிடியை விடவில்லை. இனிப்பு ஒட்டிய அந்தப் பிஞ்சு விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒவ்வொரு விரலைப் பிரிக்கும்போதும் தன் எலும்பு ஒன்று முறிவதுபோல இருந்தது. அவன் அழ ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

பேர்கனில் இறங்கியபோது மாலை ஏழு மணி. பகல் இன்னும் பளிச்சென்று இருந்தது, மழையும் பெய்துகொண்டிருந்தது. மலைச்சரிவில் மரவீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. அறையை வாடகைக்குக் கொடுத்த அம்மாள் போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள்: "ஒருவர் மட்டும்தானா?"

"ஆமா. ஒருத்திதான்."

"நல்லது. துண்டு அலமாரியில் இருக்கிறது." அவ்வளவுதான். யாரைப் பார்க்க வந்தாய் என்றோ, கணவர் எங்கே என்றோ ஒரு கேள்வி கிடையாது. கதவு சாத்தப்பட்டதும் நூபியா கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குழந்தையின் அழுகை காதிலேயே நின்றது. முதல் விமானத்தில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். உதட்டுக்குச் சிவப்புப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

துறைமுகத்தையொட்டிய கடையில் மீன் சூப் வாங்கிக் குடித்தாள். முடித்ததும், பழக்கதோஷம், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பரிமாறிய பெண் ஓடிவந்து கிண்ணத்தை வாங்கி, அவளை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். நூபியா உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

போன் ஒலித்தது. யெசேனியாவின் குரல் செய்தி.

"அந்த அம்மா திரும்ப வர ஒத்துக்கிட்டாங்க. தோமாஸ் தூங்கிட்டான். உன்மேல இருக்குற கோவம் தீரல, தீரவும் தீராது. சேந்துட்டியா?"

நூபியா இரண்டு முறை கேட்டாள். பிறகு, அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே பதில் பேசினாள்.

"சேந்துட்டேன். மழை பெய்யுது, நனைஞ்சுட்டு உக்காந்திருக்கேன். பத்தாம் நாள் திரும்பும்போது உன் வீட்டுக்கு வரேன், ஒரு ராத்திரிக்கு. விருந்தாளியா வரேன், கேட்டுக்க. நீ சமைச்சு வை, நான் உக்காந்து சாப்பிடுறேன். கோவம் இருந்தா உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கோ."

அனுப்பிவிட்டுப் பரிமாறும் பெண்ணை நோக்கிக் கையை உயர்த்தி, இன்னொரு கிண்ணம் சூப் கேட்டாள்.