சகாதேவன் தலையாட்டிய வாசல்

கிரிவலப் பாதையில் கரும்புச்சாறு கடை போட்டிருந்த சகாதேவனுக்கு வாய் ஜாஸ்தி. இதை அவர் மனைவியும் சொல்வார், போக்குவரத்துப் போலீஸ்காரரும் சொல்வார், பக்கத்தில் கடை போட்டிருந்த பெண்களும் சொல்வார்கள். மனைவி சொன்னால் அது குறை. பெண்கள் சொன்னால் பெருமை. தீபத்துக்கு முந்தின வாரம் தடுப்புக் கம்பிகளோடு லாரி வந்து நின்றால், "சகாதேவன் அண்ணனக் கூப்பிடு" என்பார்கள். அவர் கரும்புச் சக்கை ஒட்டிய கையோடு போய், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் நாலு வார்த்தை பேசுவார். கடைகள் கொஞ்சம் பின்னால் நகரும், அவ்வளவுதான். யாரும் கடையை எடுக்க வேண்டியிருக்காது. அந்த நாலு வார்த்தைக்காகத்தான் பாதையோர வியாபாரிகள் சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கி வைத்திருந்தார்கள்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம் அவருக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பாவோடு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைக்கு நடுவே நின்றவர். அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிந்தபோது, தன் பங்கை நம்பினால் பானை காயும் என்று கணக்குப் போட்டு டவுனுக்கு வந்துவிட்டார். லாட்ஜில் வேலை பார்த்தார், ஷேர் ஆட்டோ ஓட்டினார், கடைசியில் கரும்பு மெஷின் வாங்கினார். ஒரே மகளை நர்சிங் படிக்கவைத்து வேலூரில் கட்டிக் கொடுத்தார். இந்த ஊரில் பாதிப் பேருடைய கதை இதுதான், ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பெரியப்பா மகள் கஸ்தூரியைப் பாதைக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். அவள் சுக்கு காபியும் வேகவைத்த மல்லாட்டையும் விற்றாள். கூடப் பிறந்தவள் இல்லை என்றாலும், அண்ணன் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்போதுதான் யாத்திரிகர் கூடத் திட்டம் வந்தது. அரசாங்கத்தின் இடம், தனியார் கம்பெனி ஒன்று கட்டிப் பல வருஷம் நடத்தும். இளைப்பாற மண்டபம், கழிப்பறை, கார் நிறுத்துமிடம், பாதையோரத்தில் விற்றவர்களுக்கு உள்ளேயே கூரை போட்ட கடைகள். திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி தேவிப்ரியா விவரமானவர். அதற்கான குழுவில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இடம் ஒருத்தருடையது, பணம் இன்னொருத்தருடையது, அந்த இடத்தில் வெயிலும் மழையுமாகக் கிடப்பவர்களுடைய வாய் மூன்றாவது. இந்த மூன்றில் கடைசி இல்லாவிட்டாலும் கட்டடம் எழும்பிவிடும், காரியம்தான் எழும்பாது. இது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்றாவது வாயாகப் போனவர் சகாதேவன்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கூட்டம். இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். ஏசி அறை, நீள மேஜை, எதிரே கம்பெனி மேனேஜர் பிரகாஷ் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான், மகள் வயதுதான் இருக்கும். எல்லோரும் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசினார்கள். கடைகளுக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே வரும் என்று சகாதேவன் கேட்டார். ஏசி அறையில் அவர் குரல் அவருக்கே தகரத்தைத் தட்டியது போலக் கேட்டது. அதே நேரம் மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார்.

கையில் போனை வைத்திருந்தவர் எதைப் பார்த்துச் சிரித்தாரோ. பிரகாஷ் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். ஆனால் சகாதேவனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வீட்டில் புலி, வெளியில் எலி என்பது சும்மா இல்லை. அன்றைக்கு அடங்கிய வாய் அந்த அறையில் பிறகு திறக்கவே இல்லை. டீ வந்தால் குடித்தார், யாராவது அவர் பக்கம் திரும்பினால் தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். பாதையை ஒட்டி நீளமான சுவர். நடந்து வருகிறவர்களுக்கு முதலில் வருவது கடைகள் இருக்கும் பக்கம். ஆனால் அங்கே வாசல் இல்லை. வாசல் சுவரின் மறுகோடியில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி. நுழைந்தபிறகு கடைக்கும் மண்டபத்துக்கும் வந்த திசையிலேயே திரும்பி நடக்க வேண்டும்.

சகாதேவனுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது, ஆனால் இது தெரிந்துவிட்டது. கிரிவலம் வருகிறவர்கள் மலையை வலப்புறம் வைத்து முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். இடையில் உட்காருவார்கள், படுப்பார்கள். வந்த வழியே திரும்பி நடக்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டு வந்தாலும் போனால் போகட்டும் என்பார்கள். அவர் கடையைத் தாண்டிப் போய்விட்டவர்களில் ஒருத்தர்கூட ஜூஸுக்குத் திரும்பி வந்ததில்லை. காரில் வந்து இறங்குகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட வாசல் அது.

"ஊர்ப் பக்கம் ஏதாவது மாத்தணுங்களா, சகாதேவன் சார்?" என்று தேவிப்ரியா கேட்டார்.

வாய்வரை வந்தது. கோடியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு படித்தவர்கள் போட்டதைக் கரும்பு பிழிகிறவன் குறை சொல்வதா, சொன்னால் மறுபடி சிரிப்பார்களோ என்று அந்த ஒரு நிமிஷத்தில் கூசிப்போனார். தலையாட்டினார். "எல்லாம் திருப்திங்க மேடம்."

சுவருக்குக் கோடு போட்ட அன்றைக்கே கஸ்தூரி பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா இது, வாசல் அந்தாண்ட இருக்குது? ஜனம் திரும்பியா நடக்கும்?"

"அதெல்லாம் மேஜையத் தட்டிக் கேட்டுட்டேன். பெரிய எடம், ஒத்துக்க மாட்டன்றாங்க. நான் விட மாட்டேன், நீ பாரு."

பொய் நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு விழுந்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பாதை முழுக்கப் பரவிவிட்டது: அதிகாரிகள் முன்னால் அண்ணன் மேஜையைத் தட்டினாராம். சின்னதாக ஒரு பாராட்டு விழாவே நடந்துவிட்டது. மோர் விற்கும் சந்திரம்மாள் அவருக்குச் சால்வை போட்டார். மறுக்கவும் முடியாமல், போர்த்திக்கொள்ளவும் முடியாமல் நெளிந்ததைப் பணிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போகத் தயங்கிய பெண்களிடம் கஸ்தூரி வீடு வீடாகப் போய்ப் பேசினாள். அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்றாள். அவள் பேச்சை நம்பி எல்லோரும் உள்ளே போனார்கள்.

கூடம் திறந்தது. கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது, பளபளவென்று இருந்தது. முதல் பௌர்ணமிக்கு ஜனம் வந்தது. சுவரை ஒட்டிப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே பெண்கள் காபியைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அரோகரா சத்தம் கேட்டது, இந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. காரில் வந்தவர்கள் காரிலேயே தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கொண்டு வந்திருந்தார்கள். பாதையோரத்தில் இனி விற்கக்கூடாது என்று அறிவிப்பு வேறு இருந்ததால் வெளியே போகவும் வழியில்லை.

மாதங்கள் போயின. சந்திரம்மாள் மோர்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். சகாதேவனின் மெஷினும் சும்மாதான் நின்றது. ஆனால் அவரைத் தின்றது வியாபாரம் இல்லை. யாராவது பெண்கள் வந்து, "நீ அன்னிக்கே சொன்ன, அவங்க கேக்கல, இன்னா பண்றது" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஆறுதலைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது தரையில் புதைந்துவிடலாம் போலிருக்கும். பேசாமல் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு மறுஆய்வுக் கூட்டம் வைத்தார்கள். உள்ளே இருக்கும் கடைகளை வெளியூர்ப் பார்ட்டிக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. கஸ்தூரி, "நானும் வர்றேண்ணா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அதே அறை. பிரகாஷ் எடுத்த எடுப்பில் சொன்னான்: "கடைங்க ஓடல மேடம். டிஸ்ப்ளே பண்ணத் தெரியல, யூனிஃபார்ம் போடறதில்ல. ஊர்க்காரங்களுக்கு இந்த மாதிரி இடத்துல வியாபாரம் பண்ற பழக்கம் கம்மி. வேற பார்ட்டிக்கு மாத்திடலாம்."

கஸ்தூரி எழுந்து நின்றாள். அவள் குரலை அவள் அடக்கவில்லை.

"வியாபாரம் தெரியாம இல்லீங்க. ஜனமே உள்ள வரல. வாசல் அந்தாண்ட இருக்குது. கிரிவலம் வர்றவங்க யாருங்க திரும்பி நடப்பாங்க? இத எங்க அண்ணன் அன்னிக்கே இங்க மேஜையத் தட்டிச் சொன்னாரு. நீங்கதான் கேக்கல. இப்ப எங்க மேல பழியப் போடறீங்க."

"அப்படி யாரும் சொல்லலைங்களே" என்றான் பிரகாஷ். அவன் முகம் குழம்பியது. தான்தான் மறந்துவிட்டோமோ என்று யோசிப்பது தெரிந்தது.

தேவிப்ரியா திரும்பினார். "சகாதேவன் சார், சொன்னீங்களா?"

ஒரே ஒரு தலையாட்டு போதும். பழக்கமான வேலைதான். தலையாட்டினால் பிரகாஷ் பொய்யனாவான், கடைகளும் ஒருவேளை தப்பிக்கும், மேஜையைத் தட்டியவர் மேஜையைத் தட்டியவராகவே வீட்டுக்குப் போகலாம். சகாதேவன் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பார்க்க அவசியமில்லை என்று அதிகாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நம்பிக்கை.

"இல்லீங்க மேடம்" என்றார். "நான் சொல்லல."

"தெரியலையா அப்ப?"

"தெரியும்ங்க. படத்தப் பாத்தவொடனே தெரிஞ்சிச்சி. நீங்க கேக்கவும் கேட்டீங்க. எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு, இத்தினி பேரு முன்னால பேசறதுக்கு. இங்க சொன்னேன்னு தங்கச்சிகிட்ட சொன்னது பொய்யிங்க."

கஸ்தூரி மெதுவாக உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை.

பிரகாஷ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வழக்கம் என்ன, எந்தத் திசையில் வருவார்கள், எங்கே உட்கார்ந்து எழுந்திருப்பார்கள் என்று கேட்டான். சகாதேவன் சொல்லச் சொல்ல, கஸ்தூரி குறுக்கே ஒன்றிரண்டு திருத்தினாள். கடைகள் பக்கத்துச் சுவரை உடைத்து ஒரு வாசல் வைத்தால், உள்ளே நுழைந்து கடைகளையும் மண்டபத்தையும் கடந்து, பழைய வாசல் வழியாக முன்னாலேயே வெளியேறிப் போகலாம் என்று முடிவானது. யாரும் ஒரு அடிகூடத் திரும்ப வேண்டாம். தேவிப்ரியா ஒத்துக்கொண்டார். கடைகள் இப்போது இருக்கிறவர்களுக்கே என்றார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வரைபடம் போட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா ஒரு கோட்ட மாத்தினா போதுமா இருந்திருக்கும்ணா" என்றான் பிரகாஷ். "நான் வெளியூரு, எனக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? அதுக்குத்தானே உங்கள உக்கார வெச்சது." கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். சகாதேவனுக்கு அதுதான் உறைத்தது. இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது அங்கே இருந்ததே இல்லை.

படியிறங்கும்போது கஸ்தூரி முன்னால் போனாள். ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"வாசல் வெச்சுடுவாங்க, சரி. ஆனா அதுங்கல்லாம் உன் பேச்ச நம்பி வரலண்ணா, என் பேச்ச நம்பி வந்துச்சிங்க. நான் இன்னான்னு போயி சொல்றது?"

"நானே சொல்றேன்."

"சொல்லு" என்றாள். ஆட்டோ வந்தது. அவள் பின்னால் உட்கார்ந்தாள், அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் பெண்கள் எல்லோரும் கூடத்துக்குள் வந்திருந்தார்கள். புது வாசல் வரப்போவதை அவர் முதலில் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சந்தோஷத்தில் மற்றது அமுங்கிப்போகும் என்று அவருக்கே தெரிந்தது. பொய்யை முதலில் சொன்னார். தலை நிமிரவில்லை, குரல் கம்மியாகத்தான் வந்தது, ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னார். ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். இன்னொருத்தி, "எம் பிள்ளைக்கு டியூஷன் நிறுத்திட்டேன்யா" என்று மட்டும் சொன்னாள். கஸ்தூரி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை வீட்டிலிருந்து நேராக வந்திருந்த சந்திரம்மாள் கடைசிவரை கேட்டார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"பேச வெக்கமா இருந்தா எங்கள்ல ஒருத்தியக் கூட்டினு போயிருக்கலாமேப்பா. ரோட்டுல நின்னு கூவி வித்தவளுங்களுக்கு இன்னா வெக்கம்? நாங்க சொல்லியிருப்போமே."

அத்தனை கூட்டங்களுக்குப் போய் வந்த காலத்தில் அப்படி ஒரு நினைப்பு ஒரு தடவைகூட சகாதேவனுக்கு வந்ததில்லை. அதைச் சொல்வது பொய்யை ஒத்துக்கொண்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"தோணவே இல்லக்கா" என்றார்.