சின்னம்மாவின் யூலை நான்கு

ஒரு கலியாணத்தை நிறுத்தியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கையிலிருந்த ஆயுதம் ஒரு வெள்ளைக் காகித மட்டை.

2004ஆம் ஆண்டு, மொன்றியலில் செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. அவருடைய சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் இருந்தபடியால் முப்பத்தைந்து வயதுவரை ஒன்றும் பொருந்தி வரவில்லை. கடைசியில் அதே குற்றமுள்ள மாப்பிள்ளை ஒருவர் அகப்பட்டார். அவருக்கு நியூ ஜெர்சியில் வேலை. தாய் தகப்பன் இங்கே கர்க்லாண்டில், பெரிய வீட்டில்.

மாப்பிள்ளைக்கு அமெரிக்க சுதந்திர தினத்தை ஒட்டித்தான் லீவு கிடைக்கும். ஐயரும் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, ஆடி பிறக்கமுன் அதுவே நல்ல நாள் என்றார். ஆகவே யூலை நாலாம் திகதி. மே மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சின்னம்மா கண்ணாடிக்கு முன் நின்று தனியே சிரிப்பதை இரண்டு தடவை பிடித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை தந்தார்கள். வருடத்தில் ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அதே நாளில் வெவ்வேறு ஆண்டுகளில் என்னென்ன நடந்தது என்று மட்டையில் எழுத வேண்டும். நான் எந்த நாளை எடுப்பேன்? பள்ளிக்கூட வேலையும் முடியும், சின்னம்மாவுக்குப் பரிசும் ஆகும். நூலகத்தில் அமெரிக்க சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து குப்புறப் படுத்து வாசித்தேன். சுதந்திரப் பிரகடனம் அந்த நாள். பெரிய கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கியது அந்த நாள். நியூயோர்க் மாநிலத்தில் அடிமைகள் விடுதலையானதும் அந்த நாள்தான்.

அடுத்த பக்கத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சுதந்திரத்துக்காக ஒன்றாகப் பாடுபட்டு, பிறகு ஜனாதிபதிகளாகவும் இருந்த இரண்டு பேர், பிரகடனத்துக்குச் சரியாக ஐம்பது வருடம் நிறைந்த யூலை நான்கில், சில மணித்தியால இடைவெளியில் இறந்திருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து மூன்றாவதாக இன்னொரு முன்னாள் ஜனாதிபதியும் அதே திகதியில்! இப்படியும் நடக்குமா? இவ்வளவு பெரிய அதிசயம் வேறு யாருடைய கலியாண நாளுக்கு வாய்க்கும் என்று பெருமையாக இருந்தது. மட்டையின் நடுவில் மூன்று சவப்பெட்டிகளைக் கீறி, பொன் நிற நட்சத்திரங்களை ஒட்டி அலங்கரித்தேன். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத அம்மா, அவற்றைப் பரிசுப் பெட்டிகள் என்று நினைத்து வடிவாயிருக்கு என்றார்.

நாளை உறுதிப்படுத்த மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பலகாரத் தட்டு வைத்தாயிற்று. அப்பாவுக்குச் சந்தோசம் தலைக்கேறி, "பிள்ளை உங்கட நாளைப் பற்றி ஒண்டு செய்து வைச்சிருக்கிறா, கேளுங்கோ" என்றார்.

நான் மட்டையை நிமிர்த்திப் பிடித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். 1997இல் அதே நாளில் அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கியது என்றதும் அறை ஒருமுறை நெளிந்தது. நான் விடவில்லை. மூன்று பெட்டிகளையும் விரலால் தொட்டுத்தொட்டுக் காட்டி, யார் யார் செத்தார்கள் என்று சொன்னேன்.

மாப்பிள்ளையின் தாயின் கையில் வடை அந்தரத்தில் நின்றது.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் உரத்துத் திரும்பச் சொன்னேன். எல்லாரும் திகைத்துப்போய் இருந்ததை என் கெட்டித்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

"மூண்டு சா விழுந்த நாளில எப்பிடித் தாலி கட்டுறது?" என்று அவர் எழுந்தார்.

"அது அமெரிக்காக்காரற்ற சரித்திரமெல்லோ, எங்களுக்கென்ன?" என்றார் அப்பா.

"என்ர பிள்ளையும் அமெரிக்காவிலதானே இருக்கிறான்!"

அவர்கள் போன பிறகு சின்னம்மா வந்து பலகாரத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். என்னை ஒருவரும் ஏசவில்லை. இரண்டு நாள் கழித்து, கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறது என்று மட்டும் அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

மறுநாளே தொலைபேசியில் எல்லாம் முறிந்துபோனதை எனக்கு இருபத்திரண்டு வயதானபோதுதான் அம்மா சொன்னார். பிள்ளை அறிந்தால் தாங்கமாட்டாள், சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியவர் சின்னம்மாவாம். அதன் பிறகு அவருக்கு வேறொன்றும் அமையவில்லை.

ஒன்பது வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த கிழமையே புது மட்டையோடு போய், ஆவணியில் எந்த நாள் என்று கேட்டேன். சின்னம்மா கலண்டரில் ஆவணித் தாளைப் புரட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுக் காட்டினார். இந்த முறை செத்தவர்களை விட்டுவிட்டு எழுதினேன். நிறம் தீட்ட அவரையும் பக்கத்தில் இருத்தினேன். அவர் கலண்டரைப் பார்த்தபடி தீட்ட, சிவப்பு நிறம் கோட்டுக்கு வெளியே போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கட கலியாணத்துக்குத்தானே செய்யிறன், சின்னம்மா. கொஞ்சம் வடிவாத் தீட்டுங்கோவன்."

"ஓம் குஞ்சு, வடிவாத் தீட்டுறன்" என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தாண்டாமல் மெல்ல மெல்லத் தீட்டத் தொடங்கினார்.